வடக்கே திரும்பிய கப்பல்கள்

மியூரியல் கில்லஸ்பிக்கு இடது காதில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் ஒரு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அவளோ அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே வேலைக்கு வந்துவிட்டாள். பனிக்காய்ச்சலில் பாதிப் பெண்கள் படுத்துக் கிடந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். கனடாவில் மாங்க்டன் ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கடற்படை நிலையத்தில், ஜெர்மன் நீர்மூழ்கிகள் கம்பியில்லாத் தந்தியில் பேசுவதை ஒட்டுக்கேட்க ஆள் போதவில்லை.

"காது போயிடுச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்றாள் மேற்பார்வையாளர் ஆக்னஸ்.

"இன்னொண்ணு இருக்கே மேடம்."

ஹெட்போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் தோரா. அவள் புருஷன் ஐனாருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நாலு நாள் முன்னால்தான் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியிருந்தான். இங்கே நடப்பது ரகசியம் என்பதால், டைப் அடிக்கிற வேலை என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள்.

மதியம் வரை வெறும் இரைச்சல். பிறகு திடீரென்று படபடவென ஒரு தந்தி. அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. மியூரியல் அலைவரிசையைக் கத்திச் சொன்னாள். கரையோர நிலையங்கள் எல்லாம் சத்தம் வந்த திசையைப் பிடித்துச் சொல்ல, ஆக்னஸ் வரைபடத்தில் கோடு இழுத்தாள். கோடுகள் நடுக்கடலில் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன.

தோரா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஐனாரின் கப்பலும் கூடப் போகும் கப்பல்களும் செல்லும் வழி அது.

"நீ வேணா கொஞ்சம் வெளிய போய் உக்காரு" என்றாள் மியூரியல்.

"வெளிய போய் என்ன செய்யப் போறேன்? இன்னொரு நீர்மூழ்கிக்காரன் பதில் பேசுவான். அவனையும் பிடிக்கணும்."

சொன்னபடியே பிடித்தாள். இரண்டு இடங்களும் உடனே தலைமையகத்துக்குப் போயின. பிறகு ஒரு தகவலும் இல்லை. இவர்களுக்கு யாரும் சொல்வதும் கிடையாது. தோரா ஒரு நாள்கூட லீவு கேட்கவில்லை. மியூரியல் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஹாலிஃபாக்ஸிலிருந்து போன் வந்தது. தோரா மியூரியலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐனாரின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு உரக்க இருந்தது.

"எவனோ ஒரு முட்டாள் பாதி வழியில எங்களை வடக்க திருப்பிவிட்டுட்டான். குளிர்ல விறைச்சே போயிட்டோம். உனக்கென்ன, கதகதன்னு உக்காந்து டைப் அடிக்கிற."

தோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, டைப்தான் அடிக்கிறேன். நீ சூடா சூப் குடிச்சிட்டுப் படு."