ஏகாம்பரத்தின் முதுகுப்பை

பழைய ராணுவக் கித்தான் பைகளுக்குள் வைக்கோல் அடைத்தால் அவை நிற்பதில்லை. வீட்டுச் செய்தி அடைத்தால்தான் நிற்கும். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் உள்ள அறையில் நான் பார்ப்பது இந்த வேலைதான்.

பை வந்ததும் தொட்டியில் ஊறப்போடுவேன். சோப்பு கிடையாது. மண் தானாக இறங்கிய பிறகு தேங்காய் நாரால் தேய்ப்பேன். பித்தளைக் கொக்கிகளுக்குப் புளி. அறுந்த தையலுக்கு மெழுகு பூசிய நூல். பிறகு ஈரப் பையை மேசைமேல் வைத்து, வாயைத் திறந்துவிட்டு, அந்தப் பைக்குரிய சிப்பாயின் வீட்டாரை வரச்சொல்வேன். அவர்கள் முக்காலியில் உட்கார்ந்து, அவன் புறப்பட்டுப் போனதிலிருந்து வீட்டில் நடந்ததையெல்லாம் பைக்குள் சொல்ல வேண்டும். சாவுகள் அடியில் தங்கி அதைக் கெட்டியாக்கும். கல்யாணங்கள் பக்கங்களை உப்ப வைக்கும். ஆனால் பையை உண்மையில் நிரப்புவது சில்லறைச் செய்திகள்தான்: கிணறு தூர் வாரியது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டது. பொய் சொன்னால் அடித்துணி கசியும். கித்தான் காய்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். காய்ந்த வடிவம் பிறகு மாறாது. சாய்ந்து காய்ந்த பையை மற்றப் பைகளுக்கு ஒட்டுத்துணியாக வெட்டிவிடுவோம்.

யாரும் வராத பை ஒன்றுக்கு ஒருமுறை செய்தித்தாள் அடைத்தோம். அது நன்றாகவே நின்றது. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தங்கள் வீட்டுப் பை என்று சொல்லி அழுதார்கள். எடுத்துவிட்டோம்.

ஏகாம்பரத்தின் பை வடக்கே ஒரு மலையில் பனி உருகியபோது கிடைத்தது. பை மட்டும். அவருடைய மனைவி பச்சையம்மாளும் தம்பி சிகாமணியும் காலைப் பேருந்தில் வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. வாசல் டீக்கடையில் சிகாமணி அவளிடம், “ஏ பச்ச, டீ ஆறுது பாரு” என்றது என் காதில் விழுந்தது. அறைக்குள் வந்து பையைப் பார்த்ததும், “உக்காருங்க அண்ணி” என்றார்.

பச்சையம்மாள் பையின் பட்டையைத் தொட்டாள்.

“கழுவிட்டீங்களா சார்?”

“கழுவிட்டோம்மா.”

“அவரு வாசன இருந்துதா?”

“பனி வாசனைதான் இருந்தது.”

தலையாட்டினாள். “இது நிக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?”

“வெட்டிவிடுவோம்.”

“வெட்டக் கூடாது சார். அங்க அவரு எப்படிக் கெடந்தாரோ, முழுசா கெடந்தாரோ இல்லியோ, யாரும் சொல்லல. இங்கயாவது முழுசா இருக்கட்டும்.”

பேச ஆரம்பித்தார்கள். மாமியார் செத்தது, கூரை ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்டது, செவலைப் பசு கன்று போடாமலே இருந்து பிறகு இரட்டையாகப் போட்டது. “அண்ணே, உன் சைக்கிள வித்துட்டேன்” என்றார் சிகாமணி. “செயின் அப்பவே சரியில்ல. வாங்குனவன் இன்னும் திட்டிக்கினுகிறான்.” அதற்கு மட்டுமே பை ஒரு விரற்கடை உயர்ந்தது.

மதியத்துக்குள் அடிப்பாகம் கல் போல ஆகிவிட்டது. வலது பக்கம் நிமிர்ந்தது. இடது பக்கம் மட்டும் தொங்கியது. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

“ஏதோ பாக்கி இருக்கிறது” என்றேன்.

“எல்லாம் சொல்லியாச்சு சார்” என்றார் சிகாமணி.

மேசையில் ஒரு சொட்டு விழுந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் மேஜர் பொன்னையா வந்தார். ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் போலக் கத்தரி இருந்தது. பையின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். “காயுது. சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீக்கடையில் கேட்டதை நான் பைக்குள் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் சொல்லும் செய்தியைக் கித்தான் ஏற்பதில்லை. நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சிகாமணி சிமெண்டு விலையைச் சொன்னார். இரண்டு தேர்தல்களைச் சொன்னார். பச்சையம்மாளின் வயிற்றில் கல் எடுத்ததைச் சொன்னார்.

“என் கல்லு எதுக்கு அவருக்கு?” என்றாள் அவள்.

“பெரிய கல்லு அண்ணி. எடத்த அடைக்கும்.”

அடைக்கவில்லை. விளிம்பு காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. பச்சையம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு, பையின் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள். “உங்க தம்பியக் கட்டிக்கினேன்.”

இடது பக்கம் லேசாக அசைந்தது.

“வருவீங்கன்னு பாத்தேன். அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன். உங்கம்மாதான் பேச்செடுத்தாங்க. ரெண்டு பசங்க. பெரியவனுக்கு உங்க பேரு. வெச்சிட்டு அவனத் திட்டத்தான் முடியல.”

இடது பக்கம் பாதி எழுந்து, அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டது. சிகாமணி கிட்டத்தில் வந்து குனிந்தார்.

“நானா கேக்கல அண்ணே. அம்மா சொல்லுச்சேன்னு...”

சொட்டியது.

“பொய் சொல்லாத, ஒழுவுது” என்றாள் பச்சையம்மாள்.

அவர் தோள் துண்டால் மேசையைத் துடைத்தார். நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

“சரி. நாந்தான் அம்மாவ உட்டுக் கேக்கச் சொன்னேன். நீ ரயில் ஏறன அன்னிக்கு ஸ்டேஷன்ல இது அழுதுகினு நின்னுச்சு. நீ வராம இருந்தா தேவலன்னு அப்பவே ஒரு தரம் நெனச்சேன். ஒரே தரம்.”

மேசை உலர்ந்தே இருந்தது. இடது பக்கம் சத்தமில்லாமல் நிமிர்ந்து முனை கட்டியது. பச்சையம்மாள் அவரைப் பார்த்தாள். இந்தச் செய்தி அவளுக்கும் புதிது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் கித்தான் காய்ந்துவிட்டது.

நன்றாக வந்திருந்தது. எந்தப் பக்கமும் சுருக்கமில்லை. திரும்பி வந்த மேஜர் கத்தரியை உறையில் போட்டார். பையைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஆளுயர மரப்பொம்மையின் முதுகில் மாட்டினேன். தோளில் ஏறவில்லை. பொம்மை அகன்ற தோளுடையது. பட்டைகள் வேறு அளவுக்குக் காய்ந்திருந்தன. குறுகலாக, வலப்பக்கம் சற்று இறங்கலாக.

சிகாமணி யாரும் சொல்லாமலே கைகளைப் பின்னால் நீட்டினார். பையை அவர் தோளில் ஏற்றினேன். கொக்கிகள் தாமாக இடத்தில் போய் விழுந்தன.

மேஜர் சுற்றி வந்து பார்த்தார். மரப்பொம்மையை இறக்கிவிட்டுப் பெட்டியின் தரையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். சிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி நின்றார். “பார்வை நேரா இருக்கட்டும்” என்றார் மேஜர். சிகாமணி ஒருமுறை மட்டும் பச்சையம்மாளைப் பார்த்துவிட்டு நேராகப் பார்த்தார்.

“லீவு உண்டா சார்?” என்று கேட்டாள் பச்சையம்மாள்.

“மொத வருஷம் கிடையாதும்மா.”

“அவருக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

நான் கண்ணாடியைப் பூட்டினேன். வேலையிலிருந்து விடுபட்ட மரப்பொம்மை வாசலில் அவளுக்காகக் காத்திருந்தது. பச்சையம்மாள் சிகாமணியின் செருப்பை எடுத்துவந்து அதன் காலடியில் போட்டாள். பொம்மை காலை நுழைத்தது. குதிகால் வெளியே நின்றது.

“போட்டு நடந்தா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தாள். அது பின்னால் போனது.