மூன்றாம் நம்பர் பேட்டரி

வீடு நிறைய துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் துணி துவைக்கும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சோப்புத்தூள் டப்பாவுக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. பிரித்தாள். வெள்ளை மையில் 1, 2 என்று எழுதிய இரண்டு கேமரா பேட்டரிகளும் உள்ளேயே இருந்தன. காணாமல் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

கணவர் வாழ்நாளில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. அதனால்தான் நேற்று அங்கே ஒளித்து வைத்தாள். இதயம் பலவீனமாக இருக்கிறது, கடற்கரைப் பாறைகளில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அந்த மனுஷன் கேட்டால்தானே. வெயில் காலத்தில் கடல் அசையாமல் கிடக்கும்போது ஒரு படம், காற்றுக் காலத்தில் மணல் பறக்க ஒரு படம், மழைக் காலத்தில் கேமராவுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் தொப்பலாக நனைந்து ஒரு படம் என்று பத்தொன்பது வருஷம் ஒரே கரையை எடுத்தவர். ஊரில் அவருக்கு அலைக்காரர் என்றே பேர். மழை ஓய்ந்ததும் பாறைக்கும் கரைக்கும் நடுவே ஒரு மணல் திட்டு எழும்பும். ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான். திட்டு தெரிகிறது என்று நேற்று யாரோ போனில் சொல்லித் தொலைத்தார்கள். அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பாறைல ஏற மாட்டேன். கரையில நின்னே எடுக்கறேன்," என்றார்.

"நீங்க சொல்றத நான் நம்பணுமாக்கும்," என்றாள் அவள்.

விடியற்காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. தூங்குவது போல் கிடந்தாள். போங்க, போய் நல்லா ஏமாந்துட்டு வாங்க என்று நினைத்துப் போர்வைக்குள் சிரிக்க வேறு செய்தாள். பொத்தானை அழுத்தி, கேமராவில் உயிரில்லை என்று தெரிந்த நிமிஷத்தில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆத்திரம் வந்திருக்கும். அந்த ஆத்திரத்தில்தான் நெஞ்சு அடைத்திருக்கும். நான்தான் கொன்னேன் என்று காலையிலிருந்து நூறு தடவை தனக்குள் சொல்லிவிட்டாள். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தவரின் கால்மாட்டில் உட்கார்ந்தாளே தவிர, முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

நாத்தனார் கதவைத் தட்டினாள். "அண்ணி, பஸ் டிரைவர் வந்திருக்கார். உங்க கையிலதான் குடுப்பேங்கறார்."

அவரைக் கடற்கரையில் முதலில் பார்த்தது இந்த டிரைவர்தான். கேமராப் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரெண்டாவது ட்ரிப் போனப்ப கடைசி ஸ்டாப் பெஞ்சுல உக்காந்திருந்தார்மா. எப்பவும் கை காட்டுவார். இன்னைக்கு நான் காட்டினேன், அவர் காட்டல. அதான் இறங்கிப் பார்த்தேன்." பையைக் கண்ணால் காட்டினார். "கூட்டத்துல எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்னு இதை வண்டியிலயே வச்சிருந்தேன்."

படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கேமராவை வெளியே எடுத்தாள். தெரிந்ததைத்தானே பார்க்கப்போகிறோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரை பளிச்சென்று எரிந்தது.

அடிமூடியைத் திறந்தாள். கையில் விழுந்த பேட்டரியில் அதே வெள்ளை மை, அதே கையெழுத்து. 3.

மகள் உள்ளே வந்தாள். "என்னம்மா, இங்க வந்து உக்காந்துட்ட?"

"இது எங்கேருந்துடி வந்தது?"

மகள் பேட்டரியைப் பார்த்துவிட்டு முழித்தாள். "இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லு."

"அப்பாதான் போன மாசம் வாங்கிட்டு வரச் சொன்னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

"ஏனாம்?"

"உங்கம்மா என்னைக்காவது மத்த ரெண்டையும் ஒளிச்சு வைப்பான்னார்." மகள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "வச்சா வச்சுட்டுப் போறா, அவளுக்கும் நிம்மதி வேணும்லன்னார்."

"திருட்டுக் கிழம்," என்றாள் அவள். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. மகள் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஏமாந்து போகவில்லை, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இன்றைக்கு இப்படி நினைக்கலாமா என்றும் தோன்றியது. நினைத்தால் என்ன.

பேட்டரியை மாட்டிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அறுபத்துமூன்று இருந்தன. திட்டு முதலில் சாம்பலாக, பிறகு ஈரமும் வெளிச்சமுமாக, கடைசியில் முழுசாகப் பொன்னிறத்தில். எல்லாமே கரையில் நின்று எடுத்தவை. ஒன்றுகூடப் பாறைமேல் ஏறி எடுத்ததில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கழுத்துவரை போர்த்தியிருந்த போர்வையைக் கொஞ்சம் இறக்கினாள். சட்டைப் பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. அவள் விழித்துவிடக் கூடாதென்று விளக்கைப் போடாமலே உடுத்தியிருக்கிறார்.

"நான் சரி பண்ணட்டுமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"இரு, நான் பார்த்துக்கறேன்."

காலர் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் துளையில் மாட்டத் தொடங்கினாள்.