உயரமானவருக்கு ஒரு வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். சிஸ்டர் நேராகக் குளியலறைக் கதவுக்குப் போவாள். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு என்றால் அத்தோடு சரி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"உள்ள ஒருத்தர் வழுக்கி விழுந்து, கதவுமேலயே சாஞ்சு கிடந்தா எப்படித் திறப்பீங்க?" என்று தரகரைக் கேட்பாள். பாவம், அவர் வீடு காட்ட வந்தவர். பதில் சொல்ல வந்தவர் இல்லை.

கதவு தப்பித்தாலும் டேப் விடாது. கைப்பையிலிருந்து அதை உருவி, நடையின் அகலத்தை அளப்பாள், படுக்கையறைக்குத் திரும்புகிற மூலையை அளப்பாள். ஸ்ட்ரெச்சர் திரும்பாத வீடு அவளுக்கு வீடே இல்லை.

"மேடம், நீங்க வீடு பாக்க வந்தீங்களா, ஆம்புலன்ஸ் நிறுத்த எடம் பாக்க வந்தீங்களா?" என்று ஒருநாள் தரகர் பொறுமை இழந்து கேட்டேவிட்டார்.

"ரெண்டும்தான். இந்த வீட்ல ரெண்டும் சரியில்ல."

கூட வந்திருந்த ஓரகத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டரின் கணவருடைய அண்ணன் மனைவி அவள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திப் பழகியதால், காதோடு காதாக அவள் சொல்கிற ரகசியம் தெருக்கோடிக்குக் கேட்கும். அவளும் கணவரை இழந்தவள்தான், பல வருஷத்துக்கு முன்பே. சிஸ்டர் அவளை அக்கா என்பாள். சொந்த அக்கா ஒருத்தி இருந்திருந்தால் இவ்வளவு சண்டை போட்டிருக்க முடியாது.

சிஸ்டர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கணவரும் அப்படியே கூப்பிட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது, "சிஸ்டர், இந்தப் பேஷண்டுக்கு இன்னும் டீ வரல" என்று குரல் கொடுத்து, அவளிடம் ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொள்வதில் அவருக்கு அலாதி சந்தோஷம். பஸ் டிரைவர். நெட்டையான மனிதர். வாசல் எதுவானாலும் தலையைக் குனிந்தே நுழைவார். உயரமான வாசல்களிலும் பழக்க தோஷத்தில் குனிவார்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். கடைசியாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, ஸ்ட்ரெச்சர் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. திரும்ப மேலே ஏற்றி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் துணியால் கட்டித் தூக்கினார்கள். அவருடைய நீளமான கால்கள் படிக்குப் படி இடித்தன. சிஸ்டர் முன்னால் பின்பக்கமாகவே இறங்கி, அந்தப் பாதங்களைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்த மனிதர், தூக்கியவர்களிடம், "சிரமம் குடுக்கறேன்ப்பா, சிரமம் குடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். தாமதத்தால் ஒன்றும் மாறிவிடவில்லை என்று டாக்டர் சொன்னார். அது சிஸ்டருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் சுவரைப் பார்க்காமல் கடந்தாள்.

மகள் வாரத்துக்கு ஒருமுறை போனில் ஆரம்பித்துவிடுவாள். "அம்மா, இங்கயே வந்துடேன். உன் மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றார்."

"வர்றேன், இருந்துட்டுப் போறேன். ஆனா எனக்கு விருந்தாளியா இருக்க ரெண்டு நாள்தான் தெரியும். மூணாவது நாள் உன் அலமாரியை அடுக்க ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் நீயே டிக்கெட் எடுத்துக் குடுப்ப."

விளையாட்டாகச் சொன்னாலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வார்டில் எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். கட்டில் தலைமாட்டில் நின்று பிள்ளைகள், "உன் வீடா, என் வீடா" என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்க, படுத்திருப்பவர் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அந்த மூடின கண்களை அவள் மறக்கவில்லை. கால் நன்றாக இருக்கும்போதே நாமாகப் போய்விட வேண்டும்; இல்லாவிட்டால் யாராவது தூக்கிக்கொண்டுபோய் எங்காவது வைப்பார்கள். இதை அவள் மகளிடம் சொல்லவில்லை. அக்காவிடம்தான் சொன்னாள்.

"சரிதான்," என்றாள் அக்கா. "அப்போ எனக்கும் சேர்த்துப் பாரு. எனக்கும் அந்த வீட்ல சுவத்தோட பேசிப் பேசி, சுவரே பதில் சொல்லுமோன்னு பயமா இருக்கு."

கடைசியில் ஊரின் ஓரத்தில் அந்தக் குடியிருப்பு கிடைத்தது. வயதானவர்களுக்காகவே கட்டியது. எல்லாமே தரைத்தளம். அகலமான கதவுகள், வெளிப்பக்கமாகத் திறக்கும் குளியலறை, கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்புமணி, வழுக்காத தரை. சிஸ்டர் டேப்பை எடுத்து அளந்தாள், இன்னொரு தடவை அளந்தாள், சுருட்டிப் பைக்குள் போட்டாள். தரகர் கண்ணில் நீர் வராத குறை.

"இதான்," என்றாள்.

மூன்றாவது மாடி வீட்டை வாங்க ஏற்கெனவே ஆள் தயாராக இருந்தது. அதை விற்றுத்தான் இதை வாங்க முடியும். விற்றுவிட்டால் பிறகு மனசு மாறினாலும் திரும்பிப் போக இடமில்லை. திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முந்தின சனிக்கிழமை, அறையில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று சொல்வதற்காகத் தரகரோடு மறுபடியும் போனார்கள். அக்கா உணவுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டாள். நிர்வாகி ஒரு இளம்பெண், பொறுமைசாலி, சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

"கட்டில் இந்த அளவு பத்தாது. நீளமா வேணும்."

"போட்டுடலாம் மேடம்."

"இந்தக் கண்ணாடியை மேல ஏத்தணும்."

"சரி மேடம்."

குளியலறைக்குள் போனார்கள். சுவரில் பிடித்துக்கொள்வதற்குக் கம்பி பதித்திருந்தார்கள். சிஸ்டர் அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது.

"கம்பி ரொம்பத் தாழ்வா இருக்கும்மா. இங்க வரணும்," என்று குதிகாலைத் தூக்கி, கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, சுவரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்க வெச்சா உங்களுக்கு எட்டாதே மேடம்?"

சிஸ்டர் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள். விரல் நுனி மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையை இறக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா எப்போது திரும்பி வந்தாளோ, வாசலில் நின்றிருந்தாள்.

"அது தம்பி உயரம்," என்றாள் அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மெல்லப் பேசுவதைச் சிஸ்டர் கேட்டாள்.

நிர்வாகிப் பெண் புத்திசாலி. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

இருவரும் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா தன் புடவைத் தலைப்பை நீட்டினாள். சிஸ்டர் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பைத்தியம்னு நினைக்கறியா அக்கா?"

"சேச்சே. எங்க வீட்ல அவர் போனப்புறம் ரெண்டு வருஷம் டிவில நியூஸ் மட்டும்தான் ஓடிச்சு. எனக்கு நியூஸ்னாலே ஆகாது. யார் எவனைத் திட்டினா எனக்கென்ன? ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா கை தானா போட்டுடும். ஒருநாள் கரண்ட் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பதான் உறைச்சுது, இது என் பொழுது இல்ல, அவர் பொழுதுன்னு." அக்கா அவள் முழங்காலைத் தட்டினாள். "நீயும் ஒரு வருஷமா அவனுக்குத்தான் வீடு பாத்துட்டிருக்க. அவன் இறங்கியாச்சு. இனிமே உனக்குப் பாரு."

"எனக்கும் ஒருநாள் அந்த நிலைமை வரும்ல?"

"வரும். யாருக்குத்தான் வராது? அந்தக் கடைசி பத்து நாளுக்கு இது அருமையான இடம். அதுக்கு முன்னாடி கிடக்கற வருஷத்தையெல்லாம் எங்க கொண்டு வெப்ப? சரி, அதை விடு. நாளைக்கு இங்க குடிவந்துட்ட. காலையில பத்து மணி. என்ன பண்ணிட்டிருப்ப?"

வீட்டில் பத்து மணி என்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். பிரஷர் பார்க்க, புண்ணுக்குக் கட்டு மாற்ற, டாக்டர் எழுதின மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எப்போது போடுவது என்று கேட்க. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள்.

டீ வந்தது. நிர்வாகிப் பெண்ணிடம் கேட்டாள். "இங்க இருக்கறவங்களுக்கு நான் பிரஷர் கிஷர் பாக்கலாமாம்மா?"

"அதுக்கு எங்க நர்ஸ் இருக்காங்க மேடம். நீங்க இத்தனை வருஷம் உழைச்சாச்சு. நல்லா ரெஸ்ட் எடுங்க."

அன்பாகத்தான் சொன்னாள். சிஸ்டரும் வார்டில் காலமெல்லாம் இதே வார்த்தையை, இதே அன்போடு சொல்லியிருக்கிறாள். கட்டிலில் படுத்திருப்பவர் காதில் அது எப்படி விழும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு வேண்டாம்மா," என்றாள். "இடம் ரொம்ப நல்லா இருக்கு. உங்கமேல ஒரு குறையும் இல்ல. எனக்கு இன்னும் நேரம் ஆகல."

டீக்கு வந்து நின்ற தரகர் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இடிஞ்சு போறீங்க?" என்றாள் அக்கா. "அவளுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்னு அர்த்தமா? நீங்கல்லாம் அங்க உயரம் பாத்துட்டிருந்தப்போ நான் சாப்பாட்டு ரூம்ல பாதிப் பேரை ஃப்ரெண்டு பிடிச்சாச்சு. இத்தனை ஜனம் ஒரே எடத்துல, யாரும் அவசரமா ரயிலைப் பிடிக்கப் போகல. எனக்கு இதை விட்டா வேற சொர்க்கம் கிடையாது. கம்பி இருக்கற எடத்துலயே இருக்கட்டும், எனக்கு எட்டும்."

சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு நீ வாங்கிக்கறியா?"

"உன் செருப்பு எனக்குப் பத்துமா? அதே மாதிரிதான்."

வீடு திரும்பியபோது சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. படியேறப் போனவள் தரைத்தள வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். அந்த வீட்டை வாங்கி ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள். அந்தப் பெண் கொடி கட்ட இடமில்லாமல் நாற்காலி முதுகிலெல்லாம் குழந்தைத் துணிகளைப் பரப்பிவிட்டு, ஒரு சட்டையைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயவே மாட்டேங்குது சிஸ்டர். இங்க வெயில்னா என்னன்னே தெரியல."

இந்த வீட்டைச் சிஸ்டர் யோசித்ததே இல்லை. படுக்கையறை நீளம் குறைவு, அவருடைய கட்டில் நுழையாது. இப்போது வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். சின்ன அறை. அவளுக்குத் தாராளம். குளியலறைக் கதவு உள்பக்கமாகத்தான் திறந்தது. கதவைக் கழற்றித் திருப்பிப் போட ஒரு தச்சர் போதும்.

"எங்க வீட்டு பால்கனில காலையிலேர்ந்து வெயில்தான்," என்றாள். "மாத்திக்கலாமா?"

"துணியையா சிஸ்டர்?"

"வீட்டை."

அந்தப் பெண் உள்ளே பார்த்து, "என்னங்க, சிஸ்டர் என்னமோ சொல்றாங்க, வந்து கேளுங்க" என்றாள். வந்து கேட்ட கணவன், அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உட்காருங்கள் என்று ஈரத்துணி இல்லாத நாற்காலியைத் தேடினான்.

பத்திரம், கையெழுத்து என்று இழுத்தடித்து, சில மாதங்களில் முடிந்தது. மகள் முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு விடுப்பு எடுத்து வந்து சாமான் இறக்கினாள். "இதுக்குத்தானா ஊரெல்லாம் சுத்தின? மூணு மாடி இறங்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"ஊரெல்லாம் சுத்தினாத்தான் இறங்க முடிஞ்சுது."

நீளக் கட்டிலை இறக்கவில்லை. அது மேலேயே இருக்கட்டும் என்றுவிட்டாள். அன்றைக்கு மேலிருந்து வெறுங்கையோடு இறங்கும்போது அந்தத் திருப்பத்தில் நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெறும் சுவர்தான். சில்லென்று இருந்தது. மகள் கீழேயிருந்து கூப்பிடவும் இறங்கினாள்.

கீழே குடிவந்த மறுநாள் காலை அக்கா குடியிருப்பிலிருந்து போன் செய்தாள். உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேஜைக்காக நடந்த சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டையை ஆரம்பித்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அக்கா, வெச்சிடறேன். வாசல்ல ஆள்."

"யாரு?"

"தெரியல. புதுசு."

கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர். பக்கத்துத் தெரு. முகம் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை.

"நீங்க கீழ வந்துட்டீங்கன்னு சொன்னாங்க," என்றார். "இங்க பிரஷர் பாப்பீங்கன்னு ரொம்ப நாளாவே தெரியும். மூணு மாடி ஏற முடியாதுன்னுதான் வரல. ஏறினா அந்தப் படியே பிரஷரை ஏத்திவிட்ரும்."

"இத்தனை நாளா எங்க பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கல."

சிஸ்டர் அவரை உட்கார வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையைக் கட்டினாள். அவர் தன் முழங்கால் கதையை ஆரம்பித்து, மருமகள் கதைக்குப் போய், மறுபடியும் முழங்காலுக்கு வந்தார்.

"பேசாதீங்க. பேசினா கூடக் காட்டும்."

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சிஸ்டர் குமிழை அழுத்தத் தொடங்கினாள். அவருக்குப் பின்னால், வாசலில், இன்னும் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.