ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஓடிப்போனவள்

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் என்னை ஜன்னல் வழியாக ஓடவிட்டிருந்தான் என் தம்பி. தோளில் சாப்பாட்டுப் பை, கையில் வீட்டிலிருந்த ஒரே டார்ச் லைட். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஜாம்பிகள் வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்க, பதினைந்து வயதுத் தம்பி அம்மாவை முதுகில் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறான். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஜாம்பிகள் அக்காவைத் தின்றுவிடுகின்றன. எலும்பை விட்டுவைத்தனவா என்று எழுதவில்லை.

நான் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறவள். மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான புது வரிசை என்று ஏழு நாவல்கள் வந்திருந்தன. என் மேஜைக்கு வந்தது இந்த ஜாம்பி நாவல். புனைபெயரில் இருந்தது. நாலாவது பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். ஒரு கால் குட்டையாகி அடியில் செங்கல் வைத்த கட்டில், லேசாகத் தூக்கிச் சாத்தினால்தான் சாத்திக்கொள்ளும் குளியலறைக் கதவு. அது எங்கள் வீடு.

என் தம்பி ஏன் தன் கதையை நான் வேலை பார்க்கும் இடத்துக்கே அனுப்பினான் என்று கேட்கலாம். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் "அக்கா ஏதோ பிரஸ்ல இருக்கா" என்பான். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட, எந்த பிரஸ் என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தாள். ஒன்பது வருடமும் பார்த்துக்கொண்டவள் நான். காலையில் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி மாதிரிக் கரைத்து ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு டெய்லரக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். மதியம் ஓடி வருவேன். மறுபடி ஓடுவேன். தம்பி வேறு ஊரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "அம்மா எப்படி இருக்காங்க?" என்பான். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் ஆபீஸ் கதைக்குப் போய்விடுவான். அம்மா போன பிறகு இரண்டு நாள் கழித்து வந்தான். மூன்று நாள் இருந்தான், அதில் ஒரு நாள் தூங்கினான்.

இப்போது அவன் அம்மாவை முதுகில் சுமந்திருக்கிறான். முன்பக்கத்தில் சமர்ப்பணம் வேறு: "நான் சுமந்த அம்மாவுக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்தப் புத்தகம் அச்சாகிவிட்டால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாங்குவார்கள். "நம்ம பையன் எழுத்தாளர் ஆயிட்டானாமே" என்று சித்தி ஏற்கெனவே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. கட்டிலையும் கதவையும் பார்த்தவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடும். பிறகு நான் செத்தாலும் அம்மாவை விட்டுவிட்டு ஓடின அக்காதான்.

நாவலாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நன்றாக இருந்திருந்தால் பாதிக் கோபமாவது குறைந்திருக்கும். உலகமே அழிந்துகொண்டிருக்கும்போது இவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பெண்ணோடு கவிதை பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு குடும்பம் உயிர்பிழைக்கும் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். குடும்பத்தில் யார் சமைத்தார்கள், யார் தண்ணீர் பிடித்தார்கள் என்று இருநூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

புரூஃப் பார்க்கிறவள் கதையில் கை வைக்க முடியாது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, அவ்வளவுதான். ஆனால் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் சொன்னது இன்னொரு பக்கத்தோடு ஒத்துவராவிட்டால், நடக்க முடியாத ஒன்று நடந்தால், கேள்வித்தாளில் எழுதலாம். எழுதினவர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கேள்வி பாக்கியிருந்தாலும் பதிப்பகத்தை நடத்தும் எங்கள் மேடம் அச்சுக்கு விடமாட்டார். யார் கேட்டது என்று எழுதினவருக்குத் தெரியாது. வழக்கமாக ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து, இருபது கேள்வி வரும்.

நான் நூற்று முப்பத்தொரு கேள்வி எழுதினேன்.

முதலில் லேசாகத்தான் ஆரம்பித்தேன். ஜாம்பிகளுக்குக் கண் தெரியாது என்று பக்கம் பன்னிரண்டில் இருக்கிறது. நாற்பதில் ஒரு ஜாம்பி கதாநாயகனை முறைத்துப் பார்க்கிறதே, எப்படி? டார்ச் லைட்டை அக்கா எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். எழுபத்தொன்றில் தம்பி அடிக்கும் டார்ச் எங்கிருந்து வந்தது? அப்புறம் அம்மாவிடம் வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் ஒரே வாரத்தில் முதுகில் புண் வைத்துவிடும்; மொட்டைமாடியில் இருந்த நாற்பது நாளும் யார் புரட்டினார்கள்? அம்மாவால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. அவர்களிடம் இருந்த பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தது யார்? துணி எத்தனை இருந்தது, எங்கே அலசினார்கள், எங்கே காயப்போட்டார்கள்? அம்மா பேசுவது குழறும் என்றால் தம்பிக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?

பத்து நாளில் பதில் வந்தது. முதல் சில கேள்விகளுக்குப் பொறுமையாக எழுதியிருந்தான். பிறகு "இது கற்பனைக் கதை." பிறகு "வாசகர்கள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள்." ஐம்பதாவது கேள்வியிலிருந்து கடைசிவரை ஒரு நீளக் கோடு இழுத்து, "கேட்பவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று எழுதியிருந்தான். மேடம் எதைப் பொறுத்தாலும் அந்தக் கோட்டைப் பொறுக்கமாட்டார். நேரில் வரச் சொல்லிவிட்டார்.

மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தான். புதுச் சட்டை, தலைமேல் கூலிங்கிளாஸ். மேடத்துக்குப் பெரிதாக வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பியவன் என்னைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"இவங்கதான் உங்க புத்தகத்துக்குப் புரூஃப் பாக்கறவங்க," என்றார் மேடம். "கேள்வியெல்லாம் இவங்க எழுதினதுதான்."

"வணக்கம் சார். உட்காருங்க," என்றேன் நான்.

"அக்..." என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டான். இவள் என் அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் நின்றிருக்கும். சொன்னால் மேடம் ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்புவார் என்று அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "அம்மாவுக்கு எந்தக் கை சார் வராது? ஒன்பதாம் பக்கத்துல வலதுன்னு இருக்கு, எண்பதுல இடதுன்னு இருக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன்.

"இடது," என்றான்.

வலது. ஒன்பது வருடம் காலையும் மாலையும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கியவள் நான். தாளில் 'இடது' என்று எழுதிக்கொண்டேன். பெற்ற தாய்க்கு எந்தக் கை விளங்கவில்லை என்று தெரியாதவனைத் திருத்துவது என் வேலை இல்லை.

"புரட்டிப் படுக்க வைக்கறது யாரு?"

"தம்பிதான் மேடம். ஹீரோ."

"எப்ப? அவன்தான் விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் அந்தப் பொண்ணோட தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கானே. துணி மாத்தறது?"

தம்பி கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மேடம் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்குக் கதை மேல் அன்பும் கிடையாது, பகையும் கிடையாது. ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா ஓடறது சரியா வரல சார்," என்றார். "அக்கா போயிட்டா இந்த அம்மா நாலு நாள் தாங்க மாட்டாங்க. அக்கா வீட்டுலயே இருக்கட்டும்."

"யாராவது ஓடணும் மேடம். ஓடறதுலதான் கதையே சூடு பிடிக்குது."

மேடம் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "அப்ப தம்பி ஓடட்டும். அவன் போனா வீட்டுல ஒரு வேலையும் நிக்கல, பாருங்க."

அரைப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி வைக்கிற மாதிரிதான் சொன்னார். என் நெஞ்சு குளிர்ந்து போனது. ஒன்பது வருடமாக நான் சொல்ல நினைத்ததை, நாங்கள் அக்கா தம்பி என்றே தெரியாத ஒரு மனுஷி அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுமோ என்று ஒரு நிமிடம் காத்திருந்தும் பார்த்தேன். தோன்றவில்லை.

புத்தகம் வரப்போகிறது என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டான். ஒரு மாதத்தில் திருத்தி அனுப்பினான். புதுப் பிரதியில் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் தம்பி ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். அறுபத்து மூன்றில் ஜாம்பிகள் அவனைத் தின்றுவிடுகின்றன. அக்கா புரட்டுகிறாள், கரைக்கிறாள், அலசுகிறாள். என் கேள்விகளில் இருந்த வரிகளையே எடுத்துப் போட்டிருந்தான், அதனால் அந்தப் பக்கங்கள் மட்டும் கொஞ்சம் படிக்கும்படி இருந்தன. சமர்ப்பணத்தையும் எடுத்துவிட்டான். மீதி நாவல் முன்பு போலவே குப்பைதான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மா சாகும்போது ஏதோ சொல்கிறாள். அந்த இடத்தில் வெறும் புள்ளிகளாக விட்டிருந்தான். 'என்ன சொன்னார்?' என்று நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கினேன். மருந்துக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். தலைமேல் கூலிங்கிளாஸ் இல்லை.

"அக்கா, அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல," என்றான்.

"உங்க கதை சார். எதையாவது எழுதுங்க."

"சார்னு சொல்லாதேக்கா." கண் கலங்கியிருந்தது. "நாவலுக்காகக் கேக்கல. அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

சொன்னாள். அன்று காலை முகம் துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்த்தது என்னை இல்லை. "தம்பி, வந்துட்டியா" என்றாள். அவள் குழறல் எனக்கு மட்டும்தான் புரியும். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வந்துட்டேம்மா" என்றேன். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை எனக்காக அவள் சிரித்ததில்லை. சிரித்தபடியே போய்விட்டாள்.

இதை அவனிடம் சொன்னால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுவான். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போய் வாழ்நாள் முழுக்க நிம்மதியாகத் தூங்குவான்.

"தண்ணி கேட்டாங்க," என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா? என்னைப் பத்தி?"

"இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டான். "அதையே போட்டுக்கோக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மாடி ஏறி வந்து, புள்ளிகளை அடித்துவிட்டு 'தண்ணீர்' என்று எழுதி, அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.