தட்டி பிடித்தவள்

படக்காரி ஒன்பது வருஷமாக ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தாள்; கூடவே நின்ற அக்காவை மட்டும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. முகத்தின் மேல் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியை அக்காதான் பிடிப்பாள். "நிழல் விழுது, தள்ளி நில்லு" என்பதுதான் தங்கை அவளிடம் அதிகம் பேசிய பேச்சு. அக்கா ஒரேயடியாகப் போன பிறகு தேடினால், பாஸ்போர்ட் அளவில்கூட ஒரு படம் இல்லை.

அதை அப்படியே தன் ஸ்டுடியோவின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிப் போட்டாள். "பிழைப்பைக் கெடுத்துக்காதே" என்றார்கள் தெரிந்தவர்கள். தொப்பையைக் குறை, நிறத்தைக் கூட்டு என்று உயிரை வாங்கியவர்கள் நின்றுபோனது நிஜந்தான். விட்டது சனி. பதிலுக்கு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். தங்கள் தப்பைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் லென்ஸைப் பார்த்தார்கள்.

அன்று காலை வந்தவள் ஒரு தையற்காரம்மா.

"என் வீட்டுக்காரர் எப்பவும் பாடிட்டே இருப்பாரு. வாய மூடுங்கன்னு சொல்லிச் சொல்லியே காலம் போச்சு. அவரு போயிட்டாரு, இப்ப வீடு கப்சிப்னு இருக்கு. நீங்க எழுதினதப் படிச்சதும் உங்ககிட்டதான் வரணும்னு தோணுச்சு."

படக்காரி தட்டியை ஸ்டாண்டில் மாட்டி ஒரு படம் எடுத்தாள். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது தொழில் பழக்கம். கருவிழியில் ஜன்னல் தெரிந்தது, கேமராவோடு அவள் தெரிந்தாள், பக்கத்தில் தட்டி தெரிந்தது. தட்டிக்குக் கீழே ஸ்டாண்டின் மூன்று கால் இல்லை. இரண்டு கால். இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது, அக்காவுக்கு இருந்தது போலவே.

 பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"அக்கா முகத்த இந்தத் தட்டி மறைக்குதும்மா," என்று திரையைக் காட்டினாள்.

"கூப்பிட்டுப் பாருங்க," என்றாள் தையற்காரம்மா, அளவெடுக்கிற நிதானத்தோடு.

மறுபடி கேமராவைத் தூக்கினாள். பழக்கதோஷம், வாயில் "தள்ளி" என்றுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, கிட்ட வா. தட்டியக் கீழ வை."

ஸ்டாண்டில் தட்டி அசையவில்லை. தையற்காரம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் மட்டும் மெல்ல இறங்கிப் போயிற்று. படக்காரி அமுக்கினாள்.

படம் இருட்டாக விழுந்திருந்தது. பழைய ஆட்களாக இருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார்கள். இருவரும் திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அங்கே அக்கா தட்டியில்லாமல், தங்கையின் தோளோடு தோள் ஒட்டி நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை வாய்விட்டு அழுதாள்.

அக்காவுக்குப் பின்னால் இன்னொருத்தர் நின்றார், வாயைத் திறந்தபடி.

தையற்காரம்மா திரையில் விரலை வைத்தாள்.

"பாடுங்க," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லல."