கடைசி இலைக்கு ஒரு ஆள்

முரளிதரன் சாக்கோடு வந்திருந்தான். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பேட்டை ஆண்கள் ஹாக்கி அணியின் கேப்டன் அவன். நாங்கள் தோற்றால் எங்கள் மட்டைகளை அள்ளிக்கொண்டு போகத்தான் அந்தச் சாக்கு. "கோப்பை வாங்கினா பொண்ணுங்க அணி இருக்கும். இல்லன்னா மட்டையெல்லாம் பையன்களுக்கு" என்று எங்கள் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஊ காசிவிசுவநாதன் சொல்லிவிட்டார். பர்மாவில் பெரியவர்களை 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவோம். நாங்கள் தோற்போம் என்பதில் மனுஷருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இறுதி ஆட்டம். எதிரே கியாக்டடா பேட்டை அணி. ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது, விசில் ஊதிய பிறகும் பந்தைத் தட்டிவிட்ட அவர்களுடைய ஆட்டக்காரி ஒருத்திக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டிச் சில நிமிஷங்களுக்கு வெளியே அனுப்பினார். இனி அவர்கள் பத்துப் பேர், நாங்கள் பதினோரு பேர்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எங்களுக்கோ பயம்தான் வந்தது. போன வருஷமும் இப்படித்தான் ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தது. ஆளாளுக்குக் கோல் போடும் ஆசையில் எல்லோரும் கோல் முன்னால் போய் அடைந்துகொண்டோம். பந்து நகர இடமில்லை. எதிரணி ஒரே அடியில் அதை வெளியே தள்ளி, ஆளில்லாத எங்கள் பாதியில் சாவகாசமாக ஓடிக் கோல் போட்டது.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் எங்கள் கேப்டன் பவுனம்மாள். எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில் கோவில் திருவிழா என்றால் பந்தியில் பரிமாறுவது எங்கள் வேலை. போன திருவிழாவில் சாம்பார் வாளியும் கையுமாக நின்றவள் திடீரென்று கத்தினாள்.

"எல்லாரும் முதல் இலையிலயே குவியிறீங்களே, கடைசி இலை காஞ்சு கெடக்கு பாருங்கடி!"

கத்தியவள் அப்படியே யோசனையில் நின்றுவிட்டாள். மறுநாள் பயிற்சியில் சொன்னாள்: "ஒரு ஆள் கூட இருந்தா, ஒருத்தி கடைசி இலைக்குப் போயிடணும். பந்து இல்லாத பக்கம், ஓரமா. பந்து வர்ற வரைக்கும் அசையவே கூடாது. மத்தவங்க பந்தை ஓட விடுங்க, நீங்க ஓடாதீங்க."

அந்த ஒருத்தி நான்தானாம். சும்மா நிற்பது என் பரம்பரையிலேயே கிடையாது.

"விஜயகுமாரி, கடைசி இலை!" என்று இப்போது பவுனம்மாள் குரல் கொடுத்தாள். போய் வலது ஓரத்தில் நின்றேன். பந்து இடது பக்கம் இருந்தது. எங்கள் சுமதி பவுனம்மாளுக்குத் தள்ளினாள், பவுனம்மாள் சுமதிக்கே திருப்பினாள். யாரும் கோலைப் பார்த்து ஓடவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன, பஸ்ஸுக்கா நிக்குது?" என்று கூட்டத்தில் ஒருவர் பர்மியில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏ விஜயா, உள்ள ஓடு! கோலுக்கு ஓடு!" என்று ஊ காசி தொண்டை கிழியக் கத்தினார். கால் இரண்டும் ஓடத் துடித்தன. அழுகைகூட வந்தது. இந்த மட்டை இல்லாமல் நான் என்ன செய்வேன்?

பந்து மறுபடி சுமதிக்குப் போனது. கியாக்டடாக்காரிகள் ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கடைசியாக இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நின்றுகொண்டே இருப்பவளால் என்ன ஆபத்து என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் போய்விட்டாள். பவுனம்மாள் பந்தை வாங்கி, ஓங்கி அடிக்கப்போவதுபோல மட்டையைத் தூக்கினாள். கோல்கீப்பர் அவள் பக்கம் பாய்ந்தாள். பந்து புல்லை உரசிக்கொண்டு என்னிடம் வந்தது.

என் முன்னால் ஒருவரும் இல்லை. தட்டினேன், அவ்வளவுதான். கோலின் பின்பலகையில் 'தட்' என்று விழுந்த சத்தம் என் காதுக்குத் தேனாக இருந்தது.

கடைசி விசில் ஊதியதும் ஊ காசி மூச்சிரைக்க ஓடி வந்தார். "நான்தான் சொன்னேன்ல, ஓடாம நில்லுன்னு!"

விழுந்து விழுந்து சிரித்தோம். முரளிதரன் சாக்கை மடித்து ஒளிக்கப் பார்த்தான். பவுனம்மாள் விடவில்லை.

"கொண்டுவந்த சாக்கு சும்மாவா போகணும்? பிடி."

மட்டைகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் அதைத் தோளில் சுமந்துகொண்டு முரளிதரன் முன்னால் நடந்தான். கோப்பையோடு நாங்கள் பின்னால் நடந்தோம்.