கூடுவாய்த் தண்ணீர்

"அப்பா, நம்ம வூட்டு மழ மட்டும் ஏன் சரசம்மா பெரிம்மா வூட்டுக்கே போவுது?"

மொட்டை மாடியில் குந்தியிருந்த பிலோமினா கேட்டாள். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தெருப்பக்கம் ஒரு புங்க இலையைத் தண்ணீரில் விடுவாள். அது தயங்கித் தயங்கித் திரும்பி, பக்கத்து வீட்டை ஒட்டிய கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியே போய் விழும். கொல்லைப்பக்கம் விட்டாலும் அப்படியே. காயப்போட்ட சட்டைகளை எடுக்க வந்த அருள்ஜோசப்புக்குப் பதில் தெரியும். அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"எறங்கு கீழ. சளி புடிச்சா ஒங்கம்மா என்னத்தான் பேசுவா."

அவள் இறங்கிப் போன பிறகு, கடைசியாக விட்ட இலை மெதுவாக நகர்ந்து ஓட்டையில் நுழைவதை அவன் நின்று பார்த்தான்.

ஜூஜுவாடிக்கு உள்ளடங்கிய அந்தத் தெருவில் கூரையைப் பார்த்தே வீட்டுக்காரரைச் சொல்லிவிடலாம். கோடியில் இருக்கும் குடிசைகளுக்குச் சோளத்தட்டை. கங்கப்பன் வீட்டுக்குக் கல் பலகை. வெயிலில் மிளகாய் காயப்போட அக்கம்பக்கத்தார் எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். மாதா கோயிலுக்கு மங்களூர் ஓடு. மற்ற வீடுகளெல்லாம் நாட்டு ஓடு. அருள்ஜோசப்பின் வீடும் சரசம்மாவின் வீடும் ஒரே மண்சுவரைப் பொதுவாக வைத்து எழுப்பியவை. இரண்டு கூரைகளும் அந்தச் சுவரின்மேல் சரிந்து வந்து சேரும். சேருமிடத்தில் வாய்க்கால் போலக் கூடுவாய் ஓடுகள் பதித்திருந்தார்கள். இவன் கூரையில் பாதி மழையும் அவர்கள் கூரையில் பாதி மழையும் அதில் விழுந்து ஓடி, கொல்லையில் இறங்கும். மீதி மழை அவரவர் வாசலில்.

வருசாவருசம் மழைக்கு முன்பு ஓடு மாற்றுகிற வேலை உண்டு. உடைந்ததை எடுத்துவிட்டு நல்லதைச் சொருக வேண்டும். கூடுவாயில் அடைத்திருக்கும் சருகையும் அணில் கூட்டையும் வாரிப் போட வேண்டும். யார் முதலில் ஏறுகிறாரோ அவரே கூடுவாய் முழுவதையும் சுத்தம் செய்வது அந்த இரண்டு வீட்டுக்கும் பழக்கம். பெரும்பாலும் ஏறியது சரசம்மாவின் கணவர் திம்மராயன்தான். அருள்ஜோசப் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து வருவதற்குள் கூடுவாயோடு நிற்காமல் இவன் பக்கத்து ஓடுகளையும் மாற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருப்பார்.

"என்னங்கண்ணா, என்ன எழுப்பக்கூடாதா?"

"நீ ஏறுனா நாலு ஓடு ஒடையும், தம்பி. அத மாத்த நான் மறுபடி ஏறணும். ஒரு டீ சொல்லு போ."

அந்த டீயைத் தவிர அவர் எதுவும் வாங்கியதில்லை. ஒரு கோடையில் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறு வருசம் அருள்ஜோசப் கம்பெனியில் கடன் போட்டு ஓடுகளைப் பிரித்துவிட்டு, தளம் போட்ட மெத்தை வீடு கட்டினான். தன் பக்கத்தில் புதிதாகச் செங்கல் சுவர் வைத்தான். பழைய மண்சுவர், மேலே கூடுவாயோடு, சரசம்மாவுக்கு நின்றது. தளம் போடுகிற அன்று கரியப்பன் மேஸ்திரி மேலிருந்து கேட்டார்.

"வாட்டம் எந்தப் பக்கம் உடறதுப்பா? தெருப்பக்கம் உட்டா ஒன் வாசல்ல கொட்டும். அந்தப் பக்கம் உட்டா கூடுவாய்ல போயிடும்."

வாசலில் அப்போதுதான் வாங்கிய மொபெட் நின்றது. அதைச் சுற்றிச் சேறாவதை அவன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தான்.

"கூடுவாய்லயே உட்டுடுங்க."

"பூராவும் அங்க போனா அது தாங்குமா?"

தாங்கும் என்பதுபோல் அவன் தலையை ஆட்டினான். மேஸ்திரி சாந்து கொண்டுவரச் சொன்னார்.

தெரியாமல் செய்தான் என்று சொல்லவும் வழியில்லை. கம்பெனியில் அவனுக்கு மெயின்டனன்ஸ் வேலை. அந்த ஷெட்டின் கூரை ரம்பப் பல் போல ஏறி இறங்கி இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் ஒரு தகர வாய்க்கால். மழைக்கு முன்பு அதில் ஏறிச் சுத்தம் செய்வதும், எவ்வளவு தண்ணீர் வந்தால் எது நிரம்பி மெஷின்மேல் வழியும் என்று சூப்பர்வைசருக்குச் சொல்வதும் அவன்தான். மெஷின் நனையக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பானவன் என்று பெயர்.

முதல் இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சரசம்மாவின் சுவரில் ஈரம் ஏறியது. ஏறிப் பார்க்க அங்கே ஆளில்லை. மெத்தை வீட்டுக்காரனுக்கு ஓடு மாற்றுகிற வேலையும் இல்லை. கூடுவாய் நிரம்பி, ஓட்டுக்கு அடியில் புகுந்து, கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனி சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஊறவைத்தது. சரசம்மா அதைத் தண்ணீரின் குற்றமாகவே நினைக்கவில்லை. தண்ணீர் என்றைக்கும் அங்கேதானே விழுகிறது. ஒருநாள் குழாயடியில் அவள் பேசிக்கொண்டிருந்தது அருள்ஜோசப்பின் காதில் விழுந்தது.

"வேலமரம் போடுய்யான்னு தலபாடா அடிச்சிக்கினேன். மிச்சம் புடிக்கறேன்னு தைலமரத்தப் போட்டாரு அந்த மனுசன். இப்ப நுனியெல்லாம் மாவா கொட்டுது. செத்தும் என்னக் கஷ்டப்படுத்தறாரு பாரு."

குடத்தைத் தூக்கியவள் அவனைக் கண்டதும் சிரித்தாள்.

"ஒன்ன மாதிரி வெவரம் பத்தல தம்பி அவருக்கு. நீ பாரு, மெத்த போட்டு நிம்மதியா இருக்கற."

"அப்டிலாம் இல்லக்கா," என்றான்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோது கோபப்பட்டதையும், பொய் சொல்லி லீவு எடுத்ததையும் சொன்னான். இதைப் பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவன் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லையே. கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். இறந்துபோன ஒருவரின் பெயரும் சேர்ந்து நனைகிறது என்பதைச் சாமியாருக்கு எப்படிச் சொல்வது? மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். மனம் கொஞ்சமும் லேசாகவில்லை.

பிலோமினா கேட்டதற்குச் சில நாள் கழித்து சரசம்மா சாவியோடு வந்தாள். வேப்பனப்பள்ளியில் மகள் வீட்டுப் பேரனுக்கு முடியிறக்குகிறார்களாம்.

"மூணு நாள்ல வந்துடுவேன். தொளசிக்கு ரவ தண்ணி ஊத்துமா," என்று அருள்ஜோசப்பின் மனைவி ஜெயசெல்வியின் கையில் சாவியைக் கொடுத்தாள். "வந்ததும் வூட்ட வித்துடலாம்னு இருக்கறேன். லாரிக்காரரு ஒருத்தரு கேக்கறாரு. கைமரம் எப்ப தலமேல விழுமோன்னு கட்டில மூலைக்குத் தள்ளிட்டேன். இனிமே அங்கியும் ஒழுவுனா நான் எங்க படுக்கறது?"

"எங்கூட்ல படுங்கக்கா," என்றாள் ஜெயசெல்வி.

"ஒன் வூட்டுக்காரரு கொறட்ட இங்க வரைக்கும் கேக்குது. வேணாம் தாயி."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவன் சிரிக்காததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் மாதா திருவிழா. தெருவே லாரி பிடித்துக்கொண்டு கிளம்பியது. கம்பெனியில் அவசர வேலை என்று அருள்ஜோசப் வீட்டில் சொன்னான். வருசாவருசம் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவன் அவன். "மாதாகிட்ட நீயே சொல்லிக்க," என்று ஜெயசெல்வி முறைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி லாரியில் ஏற்றினாள். வண்டி திரும்பியதும் தெருவில் கோழிகள் மட்டும் இருந்தன.

அவன் கொல்லைக்குப் போனான். தன் வீட்டைப் பிரித்தபோது எடுத்த பழைய கைமரங்களும் ஓடுகளும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. அப்பா காலத்து வேலமரம். விறகுக்கு ஆகும் என்று வைத்திருந்தது. சரசம்மாவின் கதவைத் திறந்து உள்ளே போனான். மூலையில் நெருக்கித் தள்ளிய கட்டில். அதற்கு நேர் மேலே வெளுத்துப்போன இன்னொரு கைமரம். திம்மராயன் படத்தில் பூ காய்ந்திருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் கூரைக்கு முட்டுக்கட்டைகள் கொடுத்தான்.

பிறகு மேலே ஏறினான். ஓடுகளைப் பிரித்து, இற்றுப்போன மரங்களை இறக்கி, தன் வீட்டு மரங்களை ஏற்றினான். அதே காலத்து மரம், அதே புகையேறிய நிறம்; கீழிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. செய்த தப்பு வெளியே தெரியாமலிருக்க இத்தனை நாள் பட்ட பாட்டை, இப்போது செய்வது தெரியாமலிருக்கவும் பட வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஓடு நான்கு உடைந்தது. திம்மராயன் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கூடுவாயில் மண்ணும் சருகும் கெட்டித்துக் கிடந்தன. அவற்றுக்கிடையே பழுத்த புங்க இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. கையால் வாரினான்.

கடைசியாகத் தன் தளத்துக்கு வந்தான். கைப்பிடிச் சுவரின் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினான். அந்தச் சுவரோரமாகவே சாந்தில் ஒரு வாய்க்கால் இழுத்து, தெருப்பக்கம் வாட்டம் கொடுத்து, முன்சுவரில் துளை போட்டுக் குழாயைப் பதித்தான். பொழுது சாய்கிற நேரத்தில் சாந்து ஓரளவு இறுகியிருந்தது. ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றினான். அது சற்றுத் தேங்கி நின்றது. பிறகு வாய்க்காலில் திரும்பி ஓடி, அவன் வாசலில் விழுந்தது. தூரத்தில் லாரியின் சத்தமும் மாதா பாட்டும் கேட்டன. முட்டுக்கட்டைகளை எடுத்து, தரையைக் கூட்டி, துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, சரசம்மாவின் கதவைப் பூட்டினான்.

அவள் திரும்பி வந்த அன்று மாலையே பெருமழை பிடித்தது. அடித்து ஓய்ந்து தூறலான பிறகு அவள் தன் வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டாள்; அவன் இறங்கிப் போனான்.

"தம்பி, ஒரு சொட்டு இல்ல. ரவகூட இல்ல. செவுத்தத் தொட்டுப் பாத்தேன். மேல பாத்தா மரமும் நல்லாத்தான் இருக்குது. எங்கண்ணுலதான் கோளாறு போல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்த மனுசன் நல்லாத்தான் போட்டிருக்காரு. குழாயடியில நிக்கவச்சுப் பேசுனேனே நானு. லாரிக்காரருக்கு வேணாம்னு சொல்லிடணும்."

அருள்ஜோசப் வாயைத் திறந்தான். அவளுக்குப் பின்னால் திறந்த கதவின் வழியே திம்மராயன் படம் தெரிந்தது. புதிதாகக் கனகாம்பரம் சாத்தி, விளக்கு ஏற்றியிருந்தாள்.

"அண்ணன் வேலன்னா வேலதாங்கக்கா," என்றான்.

அவள் உள்ளே போய்விட்டாள். தூறல் மறுபடி வலுத்தது. முன்சுவர்க் குழாயிலிருந்து தண்ணீர் தடித்து இறங்கி, வாசல் மண்ணைத் தோண்டி, மொபெட்டின் சீட்டில் பட்டுத் தெறித்தது. ஜெயசெல்வி உள்ளேயிருந்து வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினாள். அவன் தன் வீட்டு வாசல் நிலையில் சாய்ந்தபடி நின்றான். தண்ணீரோடு ஒரு புங்க இலை குழாயின் வாய்வரை வந்து ஒட்டி நின்று, ஆடி, அவன் காலடியில் விழுந்தது.